எதிராளியின் பாதி

கண்ணாடிப் பட்டறை மைதானத்தில் பந்தை உருட்டுவதற்கு முன்னால் எல்லாரும் குனிவார்கள். ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் பாட்டில் தொழிற்சாலை இருந்த இடம் அது. தொழிற்சாலையை மூடி, கட்டடத்தை இடித்து, மண்ணடித்து நிரவி அறுபது வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் பூமி ஒரு கை கண்ணாடிச் சில்லைத் துப்பும். அதனால் ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளும் வரிசை கட்டி, தோளோடு தோள் உரச, குனிந்து பொறுக்கிக்கொண்டே நடப்பார்கள். அந்த நடைக்குப் 'பொறுக்கு' என்றே பெயர்.

பொறுக்குக்கு ஒரு சட்டம் உண்டு. தன் பாதியைத் தான் பொறுக்கக் கூடாது, எதிராளியின் பாதியைத்தான் பொறுக்க வேண்டும். தன் இடத்தைத் தானே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று கண் சோம்பிவிடுமாம். யார் எப்போது சொன்னார்களோ, அது அப்படியே நின்றுவிட்டது. அதிகச் சில்லு பொறுக்கிய அணிக்கு முதல் உதை.

எழிலரசி கடைசியாக அந்த மைதானத்தில் கால் வைத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. இத்தனைக்கும் அவள் கடை மைதானத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. மூன்றாவது சந்தின் முதல் வாசல். முன்னால் கடை, பின்னால் வீடு. ஜெர்சியில் பேரும் நம்பரும் ஒட்டித் தருவது தொழில். வெளிச்சம் மைதானத்துப் பக்கமிருந்து கொட்டும். அவளோ மைதானத்துக்கு முதுகு காட்டி உட்காரும்படி சூட்டு மெஷினைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வேலை பார்ப்பாள். புருஷன் டில்லிபாபு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை பேசாமல் ஒரு டியூப்லைட் வாங்கி வந்து மாட்டிவிட்டான். அவன் அப்படிப்பட்ட மனுஷன்.

இவ்வளவுக்கும் காரணம் ஜான்சி.

பதினெட்டு வயதில் இரண்டு பேரும் ஒன்றாக ஆடினவர்கள். மாநில முகாமுக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில் மட்டும் எதிரெதிர் அணியில் நிறுத்தினார்கள். எழிலரசி கோல்கீப்பர், ஜான்சி ஃபார்வர்டு. கடைசி நிமிஷத்தில் ஜான்சி அடித்த பந்துக்கு எழிலரசி இடது பக்கம் பாய்ந்தாள். பந்து வெளியே போனது. ஒரு பாட்டில் சில்லு அவள் முட்டிக்குள்ளே போனது. ஏழு தையல், ஒரு அறுந்த ஜவ்வு. தடுத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அடித்தவள் முகாமுக்குப் போனாள். அந்தக் கோல் முகப்பை ஆட்டத்துக்கு முன் பொறுக்கினவள் ஜான்சி.

வேண்டுமென்றே விட்டாளா? எழிலரசி ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு, இல்லை என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான்.

கேட்கவில்லையே தவிர, கவனித்துக்கொண்டே இருந்தாள். ஜான்சி மாநில அணியின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தது, பேப்பரில் அவள் படம் வந்தது, பள்ளிக்கூடத்தில் கோச் வேலை கிடைத்தது, பெண் பிள்ளைகள் அவள் பின்னால் கூட்டமாகப் போவது எல்லாம் எழிலரசிக்குத் தேதி வாரியாகத் தெரியும். ஜான்சிக்கு இன்னும் தலை நரைக்கவில்லை என்பதைக்கூட அவள் மன்னிக்கவில்லை. வருஷா வருஷம் ஜான்சியின் அணிக்கு ஜெர்சி மூட்டை இவளிடம்தான் வரும். மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக ஒட்டிவிட்டு, 'கோச் ஜான்சி' என்கிற எழுத்துக்கு மட்டும் சூட்டைக் கொஞ்சம் கூட்டிவைப்பாள், சீக்கிரம் வெடித்து உதிரட்டும் என்று. ஒரு வருஷமும் உதிர்ந்ததில்லை. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்.

இந்த நிலைமையில்தான் ஸ்டேடியம் வந்தது. அதாவது, வரப்போகிறது என்று நோட்டீஸ் வந்தது. இருபதாயிரம் பேர் உட்காரும் கால்பந்து ஸ்டேடியம். கண்ணாடி மண்ணை ஆள் உயரத்துக்குத் தோண்டி அள்ளிவிட்டுப் புல் போடுவார்கள். கிழக்கு கேலரிக்காக மூன்றாவது சந்தின் நாற்பத்திரண்டு வீடும் போகும். பதிலுக்குப் பக்கத்திலேயே பதினான்கு மாடிக் கட்டடத்தில் ஆளுக்கு ஒரு வீடு. ஐந்து சந்துக்கும் சந்துக்கொரு பிரதிநிதி, பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு என்றார்கள். இரண்டு சந்து வேண்டும் என்றது. இரண்டு சந்து வேண்டாம் என்றது. மிச்சம் இருந்தது மூன்றாவது சந்து. அதன் பிரதிநிதி எழிலரசி.

ஸ்டேடியம் வேண்டும் என்று முதல் ஆளாய்க் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பியது ஜான்சி. அதோடு எழிலரசியின் முடிவும் முடிந்துவிட்டது. ஜான்சி மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், எழிலரசி முதல் செங்கல்லைத் தன் தலையில் சுமந்துகொண்டு போயிருப்பாள்.

இப்போதெல்லாம் ஊரில் பெரிதாக எது கட்டுவதானாலும், கட்டினால் என்ன ஆகும் என்பதை அங்கே இருப்பவர்களுக்கு முதலில் காட்டியாக வேண்டும் என்று சட்டம். காட்டுவதற்கு ஒரு கருவி. அதன் அரசாங்கப் பெயர் ஒரு முழ நீளம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் நாளைப்பொட்டி. உள்ளே போய் உட்கார்ந்தால், பத்து வருஷம் கழித்து ஒருத்தர் எப்படி இருப்பார் என்று காட்டும். ஸ்டேடியம் வந்தால் ஒரு நாளை, வராவிட்டால் இன்னொரு நாளை. அவரவர் தன்னுடையதைப் பார்க்கலாம். கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தவர்களின் நாளையை மட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பொட்டியைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் வைத்திருந்தார்கள். எழிலரசி டில்லிபாபுவையும் இழுத்துக்கொண்டு போனாள். பொட்டிக்குப் பொறுப்பான அதிகாரி ஃபர்ஹானா, முப்பது வயதிருக்கும், இவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"இது ஜோசியம் இல்ல மேடம். உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னத வெச்சுத்தான் காட்டுது. நீங்க எதுக்குக் கோபப்படுவீங்க, எத விட்டுக்குடுப்பீங்க, யார் கூடப் போவீங்க, யார் கூடப் போக மாட்டீங்க, எல்லாம்."

"யாரு சொன்னாங்கோ?"

"அத வெளிய சொல்லக் கூடாது. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

போட்டிருந்தாள். ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்து இருநூறு கேள்வி கேட்டாள். அத்தனையும் ஜான்சியைப் பற்றி. ஸ்டேடியத்துக்காக முன்னால் நிற்கிறவள், அதனால் ஊர் பூராவும் அவளைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து பதில் சொன்னாள். யாரைப் பற்றிக் கேட்டோம் என்று வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிப் போனார்கள். கண்ணாடிப் பட்டறையில் ஒரு ரகசியம் ஒரு வேளைக்கு மேல் தங்காது. இது மட்டும் தங்கியது. தாங்கள் சொன்னதை நாலு பேர் கேட்கும்படி திருப்பிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது.

"உங்களோடத மொதல்ல பாக்கறீங்களா?" என்றாள் ஃபர்ஹானா.

"ஜான்சியோடத போடு."

போட்டாள். ஸ்டேடியம் வந்த நாளை. கிழக்கு கேலரியின் நெற்றியில் ஜான்சியின் பெயர், ஆள் உயர எழுத்தில். நீலக் கோட்டுப் போட்ட ஜான்சி படியிறங்கி வருகிறாள். இரண்டு பக்கமும் ஜனம் எழுந்து நிற்கிறது. அவள் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள். சாயந்திரம் மைதானத்தைப் பார்த்த பால்கனியில் டீ குடிக்கிறாள். பத்து வருஷம் கழிந்தும் தலை நரைக்கவில்லை.

ஸ்டேடியம் வராத நாளை. அதே மண், அதே சில்லு. ஜான்சி எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் விசிலோடு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் நாலே நாலு பெண்கள்.

எழிலரசிக்கு இரண்டாவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. கேட்க வெட்கமாகவும் இருந்தது. கேட்டுவிட்டாள்.

தன்னுடையதை அதற்கப்புறம்தான் பார்த்தாள். ஸ்டேடியம் வராவிட்டால் இதே கடை, இதே மெஷின், மைதானத்துக்கு முதுகு. வந்தால், புல்தரையின் ஓரத்தில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நொண்டி நொண்டி முன்னால் போய், கிளவுஸ் மாட்டிய பெண்களைப் பார்த்துக் கத்துகிறாள். அந்தப் பெண்கள் பந்து வருமுன் ஒரு தடவை இவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

"நல்லாத்தானே கீது எழிலு," என்றான் டில்லிபாபு. அவன் கண் கலங்கியிருந்தது.

"இன்னா நல்லா கீது? அவ மேல பால்கனியில குந்திக்கினு டீ துன்னுவா... குடிப்பா. நான் கீழ வெய்யில்ல நின்னுக்கினு அவ பொண்ணுங்களுக்குக் கத்தணுமா? என்னப் பத்தி இப்டி சொன்னது நீதானே?"

"சத்தியமா நான் இல்ல. என்னக் கேட்டது நம்ம இஸ்திரி குப்புசாமி அண்ணனப் பத்தி..." என்று ஆரம்பித்தவன், ஃபர்ஹானாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

எழிலரசி நம்பவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனோடு பேசவுமில்லை. நாற்பத்திரண்டு வீட்டுக்குப் பிரதிநிதி அவள். அந்த நாற்பத்திரண்டு வீட்டில் ஒருத்தருடைய நாளையையாவது அவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை சமூக நலக்கூடத்தில் நடந்தது. உட்கார இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஜான்சி பேசினாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அதையும் எழிலரசி பவுசு என்றுதான் நினைத்தாள்.

"இருபது வருசமா இந்தப் பொண்ணுங்க முட்டியக் கழுவிக் கட்டுப் போடறது நான்தான். எத்தினி பொறுக்குனாலும் மறுமழைக்கு வந்துருது. மண்ண அள்ளிப் புல்லு போட்டா, வுழுந்தா எழுந்துக்கலாம். அதுக்குத்தான் கேக்கறேன். வூட்ட எடுக்கறாங்களேன்னு எனக்கும்தான் கஷ்டமா கீது." பேசும்போது ஒரு நொடி அவள் பார்வை எழிலரசியின் காலுக்கு வந்து போனது. எழிலரசி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அடுத்து இவள் முறை. சந்தைப் பற்றி நன்றாகவே பேசினாள். குப்புசாமியின் இஸ்திரி வண்டி பதினான்கு மாடி ஏறுமா என்று கேட்டாள். சாவு விழுந்தால் பாடையை லிஃப்டில் நிற்கவைத்தா இறக்குவது என்று கேட்டாள். கைதட்டல் கிடைத்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இதெல்லாம் யாருக்காக? மேடம், ஜான்சியோட நாளையப் போட்டுக் காட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

பெரிய திரையில் கேலரியும் பெயரும் நீலக் கோட்டும் சிரிப்பும் வந்தன. கூடம் சலசலத்தது.

"பாத்துக்கினீங்களா? நம்ம வூட்ட இடிச்சு அவ பேருல கேலரி. நாம மாடியில கூண்டுக்குள்ள, அவ பால்கனியில. சமூக சேவையாம்!"

விசில் பறந்தது. எழிலரசிக்கு உடம்பு முழுவதும் ஒரு சுகம் ஓடியது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக எல்லார் எதிரிலும் ஜான்சி குனிந்து நிற்பாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

ஜான்சி குனியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நாளையை அவள் அதுவரை போய்ப் பார்த்ததே இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இது யாரு?" என்றாள்.

ஃபர்ஹானா, "நீங்கதான்," என்றாள்.

"நான் இல்ல. எனக்கு இப்டி சிரிக்கவே வராது. இந்தக் கோட்டு ஒரு வருசத்துல திருப்பி வாங்கிக்கினாங்க. ஸ்டேட்டுக்கு நான் போனது மொத்தம் நாலு மேட்சு, அதுல மூணு பெஞ்சுல குந்திக்கினு இருந்தேன். இப்போ இடுப்பெலும்பு தேஞ்சு போச்சு, ஸ்கூல்ல அடுத்த வருசம் வராதீங்கன்ட்டாங்க. தலைக்கு மாசாமாசம் மை அடிக்கிறேன். பால்கனி வேற! யாரு சொன்னது இதெல்லாம்? நான் ஒத்துக்க மாட்டேன்."

ஃபர்ஹானா தயங்கினாள். "சம்பந்தப்பட்டவங்க ஒத்துக்கலைன்னா, சொன்னவங்க பேரச் சொல்லியாகணும். அது விதி."

"சொல்லுங்க."

"எழிலரசி."

பின்வரிசையில் யாரோ ஒருத்தர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

எழிலரசி திரையைக் கை காட்டினாள். "நான் மட்டுமா சொன்னேன்? ஊரே சொல்லிச்சே!"

"இல்ல மேடம். ஒருத்தரப் பத்தி ஒருத்தர்கிட்டதான் கேட்டோம்," என்றாள் ஃபர்ஹானா. திட்டுவதுபோல் இல்லாமல், கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "மொதல்ல வேற ஊர்ல எல்லாம் அவங்கவங்களையே கேட்டுப் பாத்தோம். சரியா வரல. ஒண்ணு தன்னை ராஜாவாக் காட்டிக்கிறாங்க, இல்லாட்டி பாவமாக் காட்டிக்கிறாங்க. இங்க வந்தப்பதான் உங்க பொறுக்கு பத்திச் சொன்னாங்க. அவன் பாதிய நான் பாக்கணும், என் பாதிய அவன் பாக்கணும்னு. சரி, அதே மாதிரி செய்வோம்னு, ஒவ்வொருத்தரையும் ரொம்ப வருஷமா யாரு ரொம்ப கவனிக்கிறாங்கன்னு தேடினோம். கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி, மொதல் தடவ வந்தப்ப, உங்க ஏரியாவப் பத்திப் பேசுங்கன்னு சொன்னோமே, ஞாபகம் இருக்கா? நீங்க ரெண்டு மணி நேரம் பேசினீங்க. அதுல ஜான்சி பேரு நூத்திப் பதினோரு தடவ வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் பேரு நாலு தடவ."

"நாலு தடவையா!" என்றான் டில்லிபாபு. அவன் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

"பொட்டிக்குப் பிரியம் எது, பொறாமை எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. யாரு கண்ணு யாரு மேல இருக்குன்னு மட்டுந்தான் தெரியும்," என்று முடித்தாள் ஃபர்ஹானா.

கேலரியில் எழுதியிருந்த பெயரையும் கோட்டையும் சிரிப்பையும் தைத்துக் கொடுத்தது தானே என்று எழிலரசிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு என்ன, அவள் தொட்டதெல்லாம் துலங்கும், அவள் பேரைக் கல்வெட்டிலேயே வெட்டுவார்கள் என்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து சொன்னவள் இவள்தான். சொன்னது அப்படியே திரும்பி வந்து இவள் வயிற்றையே எரித்திருக்கிறது. ஜான்சி நாலு மேட்ச்தான் போனாள், மூன்றில் பெஞ்ச் என்பது இத்தனை வருஷத்தில் இவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இவள் விரும்பவில்லை என்பதுதான் சரி.

அப்புறம் இன்னொன்றும் உறைத்தது.

"அப்போ என்னுது? என்னப் பத்திச் சொன்னது யாரு?"

ஃபர்ஹானா ஜான்சியைப் பார்த்தாள். ஜான்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "படிங்க. பரவால்ல," என்றாள்.

ஃபர்ஹானா படித்தாள். "கேள்வி, ஸ்டேடியம் வந்தால் எழிலரசி என்ன செய்வார்? பதில், 'வரக்கூடாதுன்னு கத்துவா. வந்தப்பறமும் கத்துவா. ஒரு நாளு கீப்பர் பொண்ணு ஒண்ணு தப்பா பாயறதப் பாத்துருவா. அவளால தாங்க முடியாது, உள்ள வந்துருவா. அன்னியிலேர்ந்து அந்தப் பொண்ணுங்க எம் பேச்சக் கேக்காதுங்க. அவளுக்கு இருந்த கையி எனக்கு இல்ல, யாருக்கும் இல்ல. எம் பந்தப் புடிச்சவ அவ ஒருத்திதான். அதுல எனக்கு அவ மேல பொறாம, இன்னும் போவல.'"

எழிலரசிக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், உச்சி குளிர்ந்துபோனது. ஜான்சிக்கு என் மேல் பொறாமை! இதை எழுதிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாம். அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. இருநூறு கேள்விக்கு இவள் சொன்னதில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது, கரித்துக் கொட்டினதுதான். ஜான்சியும் பொறாமைதான் பட்டிருக்கிறாள். பட்டுக்கொண்டே, இவளை மைதானத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். பொறாமைப்படுவதிலும் ஜான்சி தன்னை முந்திவிட்டாள் என்று நினைத்தபோது எழிலரசிக்கு அழுகையே வந்துவிட்டது.

"வராட்டி?" என்றாள் கரகரத்த குரலில். "ஸ்டேடியம் வராட்டி நான் இன்னா பண்ணுவேன்னு சொன்னா?"

"'வர மாட்டா. கடையிலயே முதுகக் காட்டிக்கினு குந்திக்கினு இருப்பா.' அவ்வளவுதான் இருக்கு."

மேசைக்குப் பின்னாலிருந்த பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மூன்றாவது சந்தின் முடிவு என்ன?" என்று கேட்டார்.

எழிலரசி கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் இஸ்திரி குப்புசாமி தன் ஒரே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் வண்டியைப் பற்றி முழங்கினாளே தவிர, அவருடைய நாளையில் என்ன இருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது.

"எஞ் சந்துக்காக நான் சொல்ல முடியாது சார். நான் பாத்தது ரெண்டு பேரோட நாளையத்தான். அதுல ஒண்ணு எம் பொறாம, இன்னொண்ணு அவ பொறாம. நாப்பத்திரண்டு வூட்டு ஜனத்தையும் கூட்டிக்கினு போயி பாக்கணும். ஒரு வாரம் குடுங்க. அப்பறம் அவங்கவங்களே சொல்லட்டும்."

கொடுத்தார்கள். அந்த ஒரு வாரமும் கடையைப் பூட்டிவிட்டு வகுப்பறையில் உட்கார்ந்தாள். குப்புசாமியோடு பார்த்தாள். ஸ்டேடியம் வந்த நாளையில் அவர் பதினோராவது மாடியில் ஜன்னலோரம் மேசை போட்டிருந்தார். துணி கொண்டுவர ஆள் இல்லை. தன் சட்டையையே தேய்த்தார், கலைத்தார், மறுபடி தேய்த்தார். குப்புசாமி முழுவதும் பார்த்துவிட்டு, "கரி வாசனையே இல்ல," என்று மட்டும் சொன்னார். கடைசி வீட்டு அமுலுவுக்கோ ஸ்டேடியம்தான் நல்லது செய்தது. அவள் மகள் விளக்கு வெளிச்சத்தில் புல் மேல் ஓடிக்கொண்டிருந்தாள், முட்டியில் ஒரு கீறல் இல்லாமல். அமுலு எழிலரசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத வேணாங்கறியா எழிலக்கா?" என்று கேட்டாள். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருத்தர் வீட்டில் விளக்கு அணைந்தது.

அடுத்த ஞாயிறு நாற்பத்திரண்டு வீடும் தனித்தனியாகச் சொன்னது. இருபத்தாறு வீடு வேண்டாம் என்றது, பதினாறு வேண்டும் என்றது. ஸ்டேடியம் ஊருக்கு வெளியே வேறு எங்கேயோ போயிற்று. எழிலரசியும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இந்தத் தடவை ஜான்சியை நினைத்துச் சொல்லவில்லை என்று அவளே டில்லிபாபுவிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஜான்சியின் அணியில் நல்ல ஆட்டக்காரிகள் ஆறு பேர் புது ஸ்டேடியம் வரும் இடத்துக்குப் போய்விடுவதாகப் பேச்சு அடிபட்டது. ஜான்சி யாரையும் தடுக்கவில்லை என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டு எழிலரசிக்குக் குளுகுளு என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. அதற்கும் ஜான்சி மேலேயே கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம். முந்தின நாள் நல்ல மழை. எழிலரசி ஒரு ஜெர்சியில் ஒன்பதாம் நம்பரை வைத்து மெஷினை அழுத்திக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது. 'முதுகக் காட்டிக்கினு குந்திக்கினு இருப்பா.' பத்து நாளாக அந்த வார்த்தை அவளைத் தின்றுகொண்டிருந்தது. வர மாட்டாளாமே. ஸ்டேடியம் கட்டிக் கூப்பிட்டால்தான் வருவாளாமே. ஜான்சி யார் அதைச் சொல்ல?

மெஷினை அணைத்தாள். டில்லிபாபு கேரம் பலகையிலிருந்து தலையைத் தூக்கினான், எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்தான்.

மைதானத்தில் இருபத்திரண்டு பெண்கள் இரண்டாகப் பிரிந்து பொறுக்குக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஜான்சி ஒரு வரிசையின் கோடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். எழிலரசி எதிர் வரிசையின் கோடியில் போய் நின்றாள். ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். விசிலை வாயில் வைத்தாள், ஊத மறந்து நின்றாள். அப்புறம் ஊதினாள். இரண்டு வரிசையும் நகர்ந்தன. ஈரமண்ணில் சில்லுகள் பச்சையும் பழுப்புமாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. முட்டி ஒவ்வொரு குனிவுக்கும் கத்தியது.

ஆளுக்கு ஒரு பாதியை முடித்துக்கொண்டு நடுக்கோட்டில் எதிரெதிரே வந்தார்கள். ஜான்சி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அன்னிக்குக் கோலு கிட்ட ஏதோ மினுக்குனா மாதிரி இருந்திச்சு எழிலு. தண்ணின்னு நெனச்சேன். திரும்பிப் போயிப் பாக்கல." கையிலிருந்த சில்லுகளைப் புரட்டினாள். "பாத்திருக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல. ஏன் பாக்கலேன்னு எனக்கே தெரியல."

இருபத்தேழு வருஷமாக இல்லை என்கிற பதிலுக்குப் பயந்தவள் எழிலரசி. ஆமாம் என்று வந்திருந்தால் கொண்டாடியிருப்பாள். இது இரண்டும் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரையும் வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. சில்லுகள் கைக்குள் குத்திக்கொண்டிருந்தன.

"எத்தினி பொறுக்குன?" என்று கேட்டாள்.

ஜான்சி கையை விரித்து எண்ணினாள். "பதினொண்ணு. நீ?"

எழிலரசி தன் கையைப் பார்த்தாள். ஒன்பது.

"இரு," என்றாள்.

"உட்றி, பசங்க காத்துக்கினு கீதுங்க."

"இருன்னு சொன்னேன் இல்ல?"

திரும்பி நொண்டி நொண்டி எதிர்ப்பாதியின் கோல் முகப்புக்குப் போனாள். ஜான்சியின் கீப்பர் பாயப்போகும் இடம் அது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு விரற்கடை விடாமல் மண்ணைத் தடவித் தடவி, மினுக்குகிற ஈரத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். பந்தை வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டாவது சில்லு கிடைக்கும்வரை அவள் நிமிரவே இல்லை.